இடது கைப் பக்கத்து எழுத்துகள்

நவம்பர் 3

இன்றிலிருந்து நடப்பதை எல்லாம் உள்ளது உள்ளபடி எழுதப் போகிறேன். பள்ளி நூலகத்தில் நான் படித்த தன்வரலாறுகள் எல்லாவற்றிலும் எழுதியவரே கடைசியில் நல்லவராக இருக்கிறார். எல்லாருக்கும் எப்படி அப்படியே அமையும் என்று எனக்குச் சந்தேகம். நான் தவறு செய்தால் தவறு என்று எழுதுவேன். நன்றாகச் செய்தால் அதையும் மறைக்காமல் எழுதுவேன்.

என் பெயர் பிரம்மசக்தி. தூத்துக்குடியில் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பதினோராம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு. அப்பா உப்பு லாரி ஓட்டுகிறார். அம்மா இட்லி மாவு ஆட்டி விற்கிறாள். பாக்கெட்டில் அடைப்பது என் வேலை.

இன்று ஹெச்.எம். மிஸ் கணினி ஆய்வகத்துக்கு வந்து நேராக பிலோமியிடம் போனார். பிலோமி என் தோழி, திரேஸ்புரத்துக்காரி. பிறந்ததிலிருந்தே அவளுக்கு வலது கை தோளிலிருந்து சரியாக இயங்காது. எழுதுவது, கோலம் போடுவது, என் தலையில் குட்டுவது எல்லாம் இடது கையால்தான்.

"பிலோமி, பப்ளிக் பிராக்டிகலுக்கு உனக்குப் பதிலா டைப் அடிக்க ஒரு பிள்ளையைக் கேட்டு கல்வி ஆபீசுக்கு எழுதப் போறேன். ஒன்பதாங்கிளாஸ் பிள்ளை யாராவது வரும். நீ சொல்லச் சொல்ல அது அடிக்கும். சரியா?" என்றார்.

"வேண்டாம் மிஸ். நானே அடிப்பேன்."

"அடிப்பே. நேரத்துக்குள்ள முடிக்கணும்லா? காலாண்டுல ஒரு புரோகிராம்கூட நீ ஓட்டிக் காட்டலையே. நாளைக்கு நீ ஃபெயிலானா என்னையில்ல கேப்பாங்க."

பிலோமி எழுந்து நின்றுகொண்டே இருந்தாள். கடைசியில் ஹெச்.எம். மிஸ்தான் இறங்கி வந்தார். "அரையாண்டு பிராக்டிகல் வரைக்கும் பாக்கேன். ரெண்டு புரோகிராமும் ஓடணும். இல்லைன்னா எழுதி அனுப்பிருவேன், அழக் கூடாது."

அவர் போனதும் பிலோமி என்னிடம் சொன்னாள்: "நான் அழுததை இந்தம்மா எப்பட்டி பாத்தாவ? சொல்லச் சொல்ல அடிக்க ஆள் வைக்கணும்னா நான் எதுக்கு இந்தக் குரூப் எடுத்தேன்? நான் யோசிக்கதே விரலாலதான்."

நவம்பர் 4

இன்று என் வேலையை விட்டுவிட்டு பிலோமியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஆய்வகக் கணினிகளில் லினக்ஸ் இருக்கிறது. டெர்மினல் என்ற கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டி என்டரை அழுத்தினால் வேலை நடக்கும். நாங்கள் எழுதும் நிரலுக்கு velai.cpp என்று பெயர் வைக்கச் சொல்லியிருக்கிறார் எங்கள் கணினி ஆசிரியை செல்வகனி மிஸ். அதைக் கணினி மொழிக்கு மாற்றி ஓட்டிப் பார்க்க இந்த வரியைத் தட்ட வேண்டும்:

g++ velai.cpp -o velai && ./velai

ஒரு தடவை தட்டினால் முடிந்தது என்றில்லை. எங்கேயோ ஓர் அரைப்புள்ளி விட்டுப்போயிருக்கும். திருத்திவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும். மறுபடி ஒரு பிழை. மறுபடி அதே வரி.

கூட்டல் குறி, கோடு, புள்ளி, சாய்கோடு எல்லாம் விசைப்பலகையின் வலது ஓரத்தில் இருக்கின்றன. பிலோமியின் இடது கை ஒவ்வொரு முறையும் அங்கே போய்விட்டுத் திரும்ப வர வேண்டும். வலது கையை அவள் என்டர் பக்கத்தில் கிடத்தி வைத்திருக்கிறாள். அது பெரிய விசை என்பதால் கையின் ஓரத்தால் தட்டிவிடுகிறாள். "அவனுக்கு இந்த ஒரு வேலைதான் தெரியும், அதையாவது செய்யட்டும்" என்பாள். மேல்நோக்கு அம்புக்குறியை அழுத்தினால் பழைய வரி திரும்ப வருமே என்றேன்.

"அம்புக்குறி எங்கட்டி இருக்கு? வலது மூலைல. என் கை திருச்செந்தூருக்குப் போயிட்டுப் போயிட்டு வருது. முருகனுக்கே அலுத்துப்போச்சு."

நவம்பர் 6

கண்டுபிடித்துவிட்டேன்!

கணினிக்குள்ளேயே உதவிப் பக்கங்கள் இருக்கின்றன. யாரும் படிப்பதில்லை. நான் படிக்கிறேன். பாதி ஆங்கிலம் புரியாது, இருந்தாலும் படிக்கிறேன். அதில் alias என்று ஒன்று இருக்கிறது. ஒரு நீண்ட வரிக்கு நாமே சின்னப் பெயர் வைத்துக்கொள்ளலாம். பெயரைத் தட்டினால் கணினி அந்த நீண்ட வரியைத் தானே போட்டுக்கொள்ளும்.

முதலில் வரவில்லை. சமக்குறிக்கு இரண்டு பக்கமும் இடம் விட்டு எழுதினேன். கணக்கு நோட்டில் அப்படித்தானே எழுதுகிறோம். கணினிக்கு அது பிடிக்கவில்லை. ஒட்டி எழுதினேன். வந்துவிட்டது.

அதற்குப் பிறகு தோன்றியதுதான் என் பெரிய யோசனை. பெயரில் உள்ள எழுத்துகள் எல்லாம் விசைப்பலகையின் இடது பாதியில் இருந்துவிட்டால் பிலோமியின் கை நகரவே வேண்டாம். என்டரை வலது கை பார்த்துக்கொள்ளும். இடது பாதியில் உள்ள பதினைந்து எழுத்துகளையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, அவற்றை வைத்து என்னென்ன தமிழ்ச் சொற்கள் எழுதலாம் என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன். மாவு அடைக்கும்போதும் யோசித்தேன். இரண்டு பாக்கெட்டில் உப்புப் போடாத மாவு போய்விட்டது. அம்மா திட்டினாள்.

நிரலைத் திறந்து எழுத ada. ஓட்டிப் பார்க்க adada. ஒரு சொல்லைத் தேட teda. என்னென்ன கோப்புகள் இருக்கின்றன என்று பட்டியல் பார்க்க vada.

அட, அடடா, தேட, வட. எழுதிப் பார்க்கவே அழகாக இருக்கிறது. இப்படி இதுவரை யாராவது யோசித்திருப்பார்களா என்று தெரியவில்லை. யோசித்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

நவம்பர் 7

மதியம் பிலோமிக்குச் செய்து காட்டினேன். adada என்று தட்டி வலது கையால் என்டரில் ஒரு குத்து விட்டாள். நிரல் ஓடியது. திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஏட்டி பிரம்மு, நீ மனுசியா?" என்றாள்.

இதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு இதுவரை கிடைத்ததில்லை.

நவம்பர் 8

எல்லாம் போய்விட்டது.

நவம்பர் 9

நேற்று அதற்குமேல் எழுத மனமில்லை. நடந்தது இதுதான். நேற்று காலையில் பிலோமி கணினியைத் திறந்து adada என்று தட்டினாள். அப்படி ஒரு கட்டளையே கிடையாது என்று வந்தது. அட, தேட, வட ஒன்றுமே இல்லை. பக்கத்தில் இருந்த இந்துகலா, "ஒரே நாள்ல ஊசிப்போற வடையாட்டி சுட்டே?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். பிலோமியும் சிரித்தாள்.

இன்று மறுபடி உதவிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். டெர்மினலை மூடினால் நாம் வைத்த பெயர்களைக் கணினி மறந்துவிடுமாம். மறக்காமல் இருக்க வேண்டும் என்றால் புள்ளியில் தொடங்கும் பெயர் கொண்ட ஒரு கோப்பில் எழுதி வைக்க வேண்டும். அந்தக் கோப்பு சாதாரணமாகப் பட்டியலில் கண்ணுக்குத் தெரியாது. டெர்மினல் திறக்கும்போதெல்லாம் கணினி அதை ஒரு தடவை படித்துக்கொள்ளும்.

எழுதிவைத்தேன். மூடினேன். திறந்தேன். இருந்தது. கணினியையே அணைத்துவிட்டுப் போட்டேன். அப்போதும் இருந்தது. இந்துகலாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சரிட்டி, இன்னைக்கு வடை சூடா இருக்கு" என்றாள்.

நவம்பர் 10

நல்ல தண்ணீர் வரும் நாள். நான்கு மணிக்கே எழுந்து குடங்களை நிரப்பினேன். வகுப்பில் தூக்கம் வந்தது.

நவம்பர் 13

இந்துகலா கேட்டாள். பிறகு ஒவ்வொருத்தியாக எல்லாரும் கேட்டார்கள். இரண்டு கை இருந்தாலும் அந்த நீளமான வரியைத் தட்ட யாருக்குத்தான் பிடிக்கும்?

செல்வகனி மிஸ்ஸிடம் அனுமதி கேட்டேன். "எதையும் கெடுத்து வைக்க மாட்டல்லா?" என்றார். மாட்டேன் என்றேன். "பண்ணிக்கோ. ஆனா எல்லாரும் முழு வரியையும் அடிச்சுப் பழகணும், என்ன?" என்றார். "சரி மிஸ்" என்று எல்லாரும் ராகம் போட்டுச் சொன்னோம்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல் ஒவ்வொரு கணினியாகப் போய் அந்தக் கோப்பில் எழுதி வைத்தேன். மாலை வகுப்பில் எங்கே பார்த்தாலும் adada தான். நான் யோசித்த சொல், எல்லாத் திரையிலும்! என் சொல்லைத் தட்டாமல் இந்த வகுப்பில் இன்று யாரும் ஒரு நிரல்கூட ஓட்டவில்லை. அகராதி எழுதியவர்களுக்கு இப்படித்தான் இருந்திருக்கும்.

பிலோமி மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். "அடடாவுக்குப் பின்னால என்ன வரி இருக்குன்னு பாக்கணும்னா எப்படிப் பாக்கது?"

"alias-னு மட்டும் தட்டு, எல்லாம் வரும். ஆனா அது எதுக்கு ஒனக்கு? அதான் நான் போட்டு வச்சிருக்கம்லா."

அவள் தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நவம்பர் 18

மழை. விடுமுறை. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். மாவு வாங்க ஒருவரும் வரவில்லை. மிஞ்சிய மாவில் மூன்று வேளையும் தோசை. உப்பு அள்ளும் வேலை நின்றுவிட்டதால் அப்பா வீட்டில் இருந்தார். அவரிடம் alias பற்றி விளக்கினேன். "லாரில கியர் போடுததுக்கும் இப்படி ஒண்ணு கண்டுபிடி மக்கா" என்றார். மேலும் ஏழு சுருக்கங்கள் யோசித்து வைத்திருக்கிறேன்.

நவம்பர் 19

மழை. விடுமுறை. தோசை.

நவம்பர் 23

பள்ளி திறந்துவிட்டது. ஆய்வகத்தில் ஜன்னல் ஓரம் ஒழுகியிருக்கிறது. பிலோமியின் கணினி அந்த ஓரத்தில்தான் இருந்தது, நனைந்துவிட்டதாம். அவளை வாசல் பக்கம் வேறு கணினிக்கு மாற்றிவிட்டார்கள். அதில் லினக்ஸ் புதிதாகப் போட்டிருக்கிறார்கள்.

"பிரம்மு, இங்கன உன் அடடா ஒண்ணும் இல்லட்டி. வேற மிசின்ல உக்காந்தா ஒண்ணுமே இருக்காது போல" என்றாள்.

"இரு, நான் போட்டுத் தாரேன்" என்று உடனே போய்ப் போட்டுக் கொடுத்தேன். இப்போது எனக்கு அந்தக் கோப்பைப் பார்க்காமலே எழுத வரும். "இல்லட்டி, நான் என்ன சொல்ல வாரேன்னா" என்று அவள் ஏதோ தொடங்கினாள். அதற்குள் இந்துகலா கூப்பிட்டுவிட்டாள். அவளுக்கு ஒரு புதுச் சுருக்கம் வேண்டுமாம். இப்போதெல்லாம் என்னைக் கூப்பிடாமல் யாருக்கும் ஒரு வேலையும் நடப்பதில்லை.

நவம்பர் 27

பிலோமி தன் கணினியில் adada-வை எடுத்துவிட்டாள்.

அதற்குப் பதிலாக f என்று வைத்திருக்கிறாள். ஒரே ஓர் எழுத்து. ஏன் என்று கேட்டேன்.

"இந்தா, f மேல தடவிப் பாரு. சின்னதா ஒரு மேடு இருக்கா? கண்ணை மூடிட்டே தொடலாம்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உன் சொல்லெல்லாம் அழகாத்தான் இருக்குட்டி. எனக்கு அழகு வேண்டாம், ஒரு தட்டு போதும்" என்றாள்.

எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. அவரவர் வசதி அவரவர்க்கு. f என்பதற்கு எந்த மொழியிலும் பொருள் கிடையாது என்பதை மட்டும் சொன்னேன். அவள் சரி என்றாள். எனக்கு வருத்தமே இல்லை. மாலையில் வீட்டுக்குத் தனியாக வந்தது மழை வரும்போல் இருந்ததால்தான்.

டிசம்பர் 1

மாவு கொடுக்கப் போன வழியில் நேரமாகிவிட்டதோ என்று ஓடியதில் இன்று பள்ளிக்கு ரொம்ப சீக்கிரம் வந்துவிட்டேன். ஆய்வகம் திறந்திருந்தது. பிலோமி தனியாக உட்கார்ந்திருந்தாள். சாவியை வாங்கி வந்து திறந்திருக்கிறாள். அடிக்கடி இப்படி வருகிறாள் போலிருக்கிறது, பெருக்குகிற அக்கா அவளைப் பார்த்து, "இன்னைக்கும் வந்துட்டியா?" என்றார்.

அவள் அந்த நீளமான வரியை முழுவதுமாகத் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டுவதும் அழிப்பதும் மறுபடி தட்டுவதும். கை வலது ஓரத்துக்குப் போய்ப் போய் வந்தது. பாவம், இவ்வளவு நாளாகியும் சுருக்கங்கள் அவளுக்குப் பழகவில்லை. தேர்வுக்கு முன்னால் நான்தான் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும்.

டிசம்பர் 5

நாளை மறுநாள் அரையாண்டு செய்முறைத் தேர்வு. வேறு பள்ளியிலிருந்து ஒரு சார் மேற்பார்வைக்கு வருகிறாராம். பிலோமியை உட்கார வைத்து எல்லாச் சுருக்கங்களையும் ஒரு தடவை ஒப்பிக்கச் சொன்னேன். ஒப்பித்தாள். "நீ கவலைப்படாத, எல்லாம் நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

"நீ உன் புரோகிராமைப் பாருட்டி" என்றாள்.

டிசம்பர் 7

நடந்தவற்றை உள்ளபடி எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

காலையில் ஆய்வகத்துக்குள் போனோம். பிலோமிக்கு முன்வரிசை. எனக்கு அதற்கு இரண்டு வரிசை பின்னால், சற்றுச் சாய்வாக. வெளிப்பள்ளி சார் மேசையில் உட்கார்ந்திருந்தார், கண்ணாடி போட்டவர், சிரிக்காதவர். வினாத்தாளில் இரண்டு நிரல்கள். இரண்டுமே எனக்குத் தெரிந்தவை.

ada என்று தட்டினேன். அப்படி ஒரு கட்டளை கிடையாது என்று வந்தது.

மறுபடி தட்டினேன். adada என்று தட்டினேன். கிடையாது. பக்கத்தில் யாரோ "ஐயோ" என்றாள். பிறகு ஆய்வகம் முழுவதும் நாற்காலிகள் நகரும் சத்தம்.

"என்ன சத்தம்?" என்றார் செல்வகனி மிஸ். "பரீட்சைக்குன்னு புது லாகின் போட்டிருக்கு. பழைய புரோகிராமைப் பாத்து யாரும் அடிக்கக் கூடாதுல்ல? பழசு எதுவும் அதுல இருக்காது. பப்ளிக்லயும் இப்படித்தான் இருக்கும்."

புது லாகின் என்றால் புது ஆள். புது ஆளுக்கு அந்தப் புள்ளி வைத்த கோப்பு காலியாக இருக்கும். உதவிப் பக்கத்தை அத்தனை தடவை படித்த எனக்கு இது தோன்றவே இல்லை. பிலோமிக்கு நவம்பர் 23-ஆம் தேதியே தோன்றிவிட்டது என்பது எனக்கு அந்த நிமிடம்தான் உறைத்தது. வேறு மிசினில் உட்கார்ந்தால் ஒன்றுமே இருக்காது என்று அவள் என்னிடம் சொன்னாள். நான் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டேன்.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இந்துகலாவின் பார்வையை இங்கே எழுத முடியாது. நான் பிலோமியைப் பார்த்தேன். அவள் திரும்பவே இல்லை.

அவளுடைய திரை எனக்குத் தெரியாது. கை தெரிந்தது. ஒரு மாதம் அந்தக் கையையே பார்த்திருக்கிறேன். அது எங்கே போனால் என்ன எழுத்து என்று எனக்குத் தெரியும். வினாத்தாளை அவள் இன்னும் பிரிக்கவில்லை. முதலில் alias, அடுத்து f. பிறகு கை வலது மூலைக்குப் போனது: சமக்குறி. ஒட்டியே மேற்கோள் குறி. திரும்பி வந்தது. மறுபடி போனது: கூட்டல், கூட்டல். நிதானமாக, ஓர் இடத்தில்கூட நிற்காமல், அத்தனை தூரமும் போய்ப் போய் வந்தது. கடைசியில் வலது கை என்டரில் ஒரு குத்து. பிறகுதான் வினாத்தாளை எடுத்தாள். அதன்பிறகு முதல் நிரல் முடியும்வரை கட்டளைக்காக அவள் இடது கை ஒருமுறைகூட அந்த ஓரத்துக்குப் போகவில்லை.

நானும் அப்படியே செய்திருக்கலாம். எப்படிச் செய்வது என்று எல்லாருக்கும் சொன்னவளே நான்தானே. எடிட்டரை மெனுவிலிருந்து திறந்து முதல் நிரலை எழுதி முடித்தேன். ஓட்ட வேண்டும். g++ என்று தட்டினேன், velai.cpp என்று தட்டினேன். அதற்கப்புறம் என்ன?

தெரியவில்லை.

ஒரு மாதமாக நான் adada தவிர வேறு எதையும் தட்டவில்லை. கோப்பில் எழுதியபோதெல்லாம் ஒரு கணினியிலிருந்து பென் டிரைவில் படியெடுத்து மற்றதில் ஒட்டினேன். அந்தக் கோப்பைப் பார்க்காமலே எழுத வரும் என்று முன்னால் எழுதியிருக்கிறேன். எனக்கு வந்தது பெயர்கள் மட்டும்தான். g++ velai.cpp velai என்று தட்டினேன். பிழை. இடத்தை மாற்றித் தட்டினேன். பிழை. ஏதோ ஒரு கோடும் ஏதோ ஓர் எழுத்தும் நடுவில் வரும். என்ன எழுத்து?

பிலோமியின் கை கோட்டுக்குப் பிறகு எங்கே போகிறது என்று பார்த்திருந்தால் அதைக் கண்டுபிடித்திருக்கலாம். அவள் அந்த வரியை மறுபடி ஒருதடவை அடித்தாள், இரண்டாவது நிரலை வேறு பெயரில் தொடங்கும்போது அந்தப் பெயரைச் சேர்ப்பதற்காக. அப்போது நான் கண்ணைத் திருப்பிக்கொண்டேன். பெருமைக்காக இதை எழுதவில்லை. கொஞ்சம் பெருமைக்காகவும்தான்.

அப்போது சார் எழுந்து நடந்தார். பிலோமியின் பின்னால் நின்றுவிட்டார்.

"ஏம்மா, f-னு ஒரு கமாண்டா? எந்தப் புஸ்தகத்துல இருக்கு?"

ஆய்வகத்தில் தட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. செல்வகனி மிஸ் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

"புஸ்தகத்துல இல்ல சார். நான் வச்ச பேரு."

"நீயா வச்ச பேரா? அது எப்படி ஓடுது?"

"முழு வரியும் அடிக்கணும்னா என் கை ரொம்ப தூரம் போவணும் சார். அதான் ஒரு புரோகிராமுக்கு ஒரே ஒரு தடவை முழுசா அடிச்சு, அதுக்கு f-னு பேர் வச்சேன். சரியா இருக்கான்னு பாருங்க." அவள் ஏதோ தட்டினாள், பின்னால் நிற்கும் முழு வரியும் திரையில் வந்திருக்க வேண்டும். சார் குனிந்து படித்தார்.

"இந்த ரெண்டு அண்டு குறி எதுக்கு?"

"முதல் வேலை சரியா முடிஞ்சாத்தான் அடுத்ததை ஓட்டணும்னு அர்த்தம் சார். பிழை இருந்தா அங்கனயே நின்னுரும்."

"டெர்மினலை மூடினா?"

"போயிரும் சார். பரீட்சை முடியுற வரைக்கும் இருந்தா எனக்குப் போதும்."

சார் அவளுடைய கையைப் பார்த்தார். என்டர் பக்கத்தில் கிடந்த வலது கையையும் பார்த்தார். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "யாரு சொல்லிக் குடுத்தா?" என்று மட்டும் கேட்டார்.

"யோசனை பிரம்மசக்தியோடது சார். வரி என்னோடது."

"யாரு பிரம்மசக்தி?"

நான் எழுந்து நின்றேன். சார் என் பக்கம் வந்தார். என் திரையில் மேலிருந்து கீழ்வரை பிழைகள். அவர் அவற்றைப் படித்தார். என்னையும் படித்தார். "உக்காரும்மா" என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை. வந்தது வேறொன்று. அவள் சார் முன்னால் அப்படிச் சொன்னபோது, நானே நூறு மதிப்பெண் வாங்கியதுபோல மார்பு விம்மியது. அதே சமயத்தில் எனக்கு அந்த எழுத்து ஞாபகம் வரவில்லை. இரண்டும் ஒரே ஆளுக்குள் நடந்தன.

பிறகுதான் உதவிப் பக்கம் நினைவுக்கு வந்தது. அது எந்த லாகினிலும் இருக்குமே. g++ --help என்று தட்டிப் பொறுமையாகப் படித்தேன். -o. வட்டமான ஓர் எழுத்து. முதல் நிரலை ஓட்டினேன். இரண்டாவதைப் பாதி எழுதும்போது மணி அடித்துவிட்டது.

பிலோமியின் இரண்டு நிரல்களும் ஓடின. அவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

டிசம்பர் 8

நேற்றுத் தேர்வு முடிந்து வெளியே வந்ததும் குழாயடியில் எல்லாரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். நல்லவேளை, பாதிப் பேருக்கு முழு வரி ஞாபகம் இருந்திருக்கிறது. மிஸ் சொன்னதைக் கேட்டவர்கள். மற்றவர்கள் என்னைப்போல்தான்.

"அடடான்னு பேர் வச்சியேட்டி! இன்னைக்குத்தான் அர்த்தம் வெளங்குச்சு" என்றாள் இந்துகலா. அவளும் ஒன்றுதான் ஓட்டினாள்.

"அவளை விடுங்கட்டி" என்றாள் பிலோமி. "அவ யோசிக்கலைன்னா இன்னைக்கு என் சீட்ல ஒன்பதாங்கிளாஸ் பிள்ளை உக்காந்திருக்கும்."

"நீ ஏன் என்கிட்ட சொல்லல?" என்று அவளைத் தனியாகக் கேட்டேன்.

"சொன்னேன்லா. நீ போட்டுத் தாரேன், போட்டுத் தாரேன்னு ஓடிக்கிட்டே இருந்த. சந்தோசமா இருந்த வேற. சரி, நாமளாவது முழுசா அடிச்சுப் பழகுவோம்னு காலைல வந்துட்டேன். ஒரு பேரைக் கூப்பிட்டா பின்னால யாரு வாரான்னு தெரிய வேண்டாமா?"

அவளுக்குச் சுருக்கங்கள் பழகவில்லை என்று டிசம்பர் 1-ஆம் தேதி எழுதியிருக்கிறேன். அதை அடித்து அழிக்கவில்லை, இருக்கட்டும்.

மதிப்பெண்ணை வீட்டில் சொன்னேன். அம்மா, "ஏன் இவ்வளவு கொறஞ்சுது?" என்றாள். பிலோமி பிராக்டிகலில் இரண்டையும் ஓட்டிவிட்டாள் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டது ஒன்று, சொல்வது ஒன்று என்றாள் அம்மா. ஆனாலும் கடைசிவரை கேட்டாள். மாவுக் கையோடு அப்படியே நின்று கேட்டாள்.

டிசம்பர் 11

மாலை. ஆய்வகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். மணி அடித்து வெகு நேரம் ஆகவில்லை. யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

காலையில் ஹெச்.எம். மிஸ் வந்தார். பிலோமியின் பக்கத்தில் போய், "ஆபீசுக்கு ஒண்ணும் எழுதலை" என்றார். அவ்வளவுதான் சொன்னார். போகும்போது வாசலில் நின்று, "நீயே அடி" என்று இன்னொரு தடவை சொன்னார். பிலோமி எழுந்து நின்று "சரி மிஸ்" என்றாள். ஹெச்.எம். மிஸ் வராந்தாவைத் தாண்டும்வரை காத்திருந்துவிட்டு, என் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தாள். இன்னமும் வலிக்கிறது. இவ்வளவு சந்தோஷமாக இதற்குமுன் எதுவும் வலித்ததில்லை.

பிறகு நான் மிஸ்ஸிடம் கேட்டுவிட்டு, எல்லாக் கணினிகளிலும் நான் எழுதி வைத்தவற்றை அழித்தேன். இந்துகலா கத்தினாள். "சுருக்கம் வேணும்னா அவளவளே போட்டுக்கிடணும். போடுததுக்கு முழு வரியும் தெரியணும்" என்றேன். யார் சொல்லித் தருவார்கள் என்று கேட்டார்கள். வழக்கமாக அந்த இடத்தில் நான் எழுந்துவிடுவேன். இன்று எழவில்லை. பிலோமியைக் காட்டினேன். அது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

இப்போது அவள் ஒவ்வொரு நாற்காலியாகப் போய் நிற்கிறாள். வலது கையை நாற்காலி முதுகில் சாய்த்துக்கொண்டு, இடது கையால் திரையைக் காட்டித் திட்டுகிறாள். "சமக்குறிக்கு ரெண்டு பக்கமும் எடம் விடாதட்டி, அது என்ன பஸ் சீட்டா?" அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன், வேறு யாரிடமும் சொல்லப் போவதில்லை. நானும் முழு வரியைத் தட்டிக்கொண்டிருந்தேன். தட்டி, அழித்து, மறுபடி தட்டி. இப்போது கண்ணை மூடிக்கொண்டே வருகிறது.

இந்துகலா தனக்கு ஒரு பெயர் வைத்துவிட்டாள். என்ன என்று சொல்ல மாட்டாளாம். ஒவ்வொருத்தியும் வேறு வேறு பெயர் வைக்கிறாள். ஒருத்திகூட adada என்று வைக்கவில்லை. எண்ணிப் பார்த்தேன், உண்மைதான். ஆனால் எல்லாரும் தாங்களே வைக்கிறார்கள்.

"போதும் பிள்ளைகளா, வீட்டுல தேடப் போறாங்க" என்கிறார் செல்வகனி மிஸ். ஒருவரும் எழவில்லை. மிஸ் சுவரோரம் போகிறார். "இன்னும் ஒரே ஒரு தடவை மிஸ்" என்று பிலோமி கெஞ்சுகிறாள்.

மிஸ் விளக்குகளை அணைத்துவிட்டார்.